கூரை மூடாத கார்

நான் கால் வைத்த நாளில் இருந்துதான் அந்தக் கார் பழுது என்று மாமி சொல்வதில் ஒரு பிழையும் பிடிக்க முடியாது. நாள் கணக்குச் சரி. கலியாண மண்டபத்தில் இருந்து மாலையும் கழுத்துமாக நானும் மிதுனனும் அதில்தான் ஏறினோம். கூரையைப் பின்னால் மடித்துவிட்டு, சொந்தக்காரரின் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்னால் வர, றிச்மண்ட் ஹில்லில் மாமி வீட்டு வாசலில் வந்து இறங்கினோம். அதற்குப் பிறகு விடாத மழை. நாலாம் நாள் சடங்குக்கு என் அம்மா வீட்டுக்குப் புறப்பட்ட அன்றுதான் வெயில் வந்தது. கூரையைத் திறந்துகொண்டு போவோம் என்று மிதுனன் பொத்தானை அழுத்தினான். கூரை பாதி எழும்பி, வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டது. மாமி வாசலில் நின்று பார்த்தா. பார்த்தது என்னைத்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மிதுனன் என்று பெயர் சொல்லியே எழுதுகிறேன். புருசனுக்குரிய மரியாதை கடைசியில் மிஞ்சினால் அப்போது பார்ப்போம்.

வங்கியில் வேலை செய்யும் மிதுனன் அந்தக் காரைக் கலியாணத்துக்காகவே வாங்கினான். இரண்டாம் கைக் கார்தான், ஆனால் சொகுசுக் கார். யானை வாங்கலாம், தீனி போடத்தான் முடியாது. டீலரிடம் கொண்டுபோனால் பற்றறி போய்விட்டது என்றார்கள், மாற்றினோம். இரண்டு மழைக்குப் பிறகு யன்னல்கள் தாமாகவே இறங்கின. கூரையை இழுக்கும் மோட்டர் என்றார்கள், அதையும் மாற்றினோம். பிறகு நல்ல வெயிலில் வைப்பர் ஆடியது, நிறுத்தி வைத்த இடத்தில் ஹோர்ன் அடித்தது. கடைசியாக, பின்பக்க வயர் முழுவதையும் பிடுங்கி மாற்ற வேண்டும், பதினோராயிரம் டொலர் வரும் என்று மதிப்புச் சொன்னார்கள்.

டீலர் ஒரு பக்கம் வைத்தியம் பார்க்க, மாமி மறுபக்கம் பார்த்தா. கார் ஒருதரம் குழம்பினால் பேவியூ வீதிப் பிள்ளையாரிடம் ஒருதரம் போகும். ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம், முன்னால் தேங்காய், கற்பூரம், குருக்கள் தெளிக்கும் தண்ணீர். வீட்டுக்கு வந்த பிறகு மாமி தன் கையாலும் ஒருதரம் செய்வா. பாலில் தோய்த்த அரிசியும் அறுகம்புல்லும் மஞ்சளும் கலந்த அறுகரிசித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, காரின் தலையில் இருந்து வால் வரைக்கும் தூவி, ஆசீர்வாதம் பண்ணிவிட்டுத்தான் உள்ளே போவா. காருக்குக் கிடைத்த ஆசீர்வாதத்தில் பாதி எனக்குக் கிடைத்திருந்தால் நான் நூறு வயது இருப்பேன்.

எனக்குக் கிடைத்தது வேறு. "திருக்கோணமலைச் சம்பந்தம் வேண்டாம் எண்டு எல்லாரும் சொன்னவை, நான்தான் கேக்கேல்லை" என்று ரெலிபோனில் மச்சாள்மாருக்குச் சொல்லும் குரல் கிடைத்தது. நான் உள்ளே வந்தால் குரல் இறங்கும். சாப்பாட்டு மேசையில் என் பக்கத்துக் கதிரை காலியாகவே இருக்கும்.

மாமியைச் சும்மா ஒரு கொடுமைக்காரியாக எழுதிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுகம். ஆனால் மாமா சச்சிதானந்தன் ஒரு பனிக்காலக் காலையில் வேலைக்கென்று காரில் போனவர், நாலு நூற்றொன்று நெடுஞ்சாலையில் லொறியோடு அடிபட்டுத் திரும்பி வரவே இல்லை. அப்போது மிதுனனுக்கு ஆறு வயது. கார் என்றால் மாமிக்கு அன்றிலிருந்து பயம். அந்தப் பயத்தோடு பிறம்ரனில் ஒரு சாத்திரியாரிடம் போனா. அவர் எங்கள் சாதகங்களைப் பார்த்துவிட்டு, தோசம் இப்போதைக்கு வாகனத்தில் நிற்கிறது, அடுத்தது ஓட்டுகிறவன்மேல் ஏறும், இரண்டு பேரும் மூன்று மாதம் பிரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாமி அன்றைக்கே என் அம்மாவை ரெலிபோனில் கூப்பிட்டா. ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி ஒழுங்காயிற்று.

"கொஞ்ச நாள்தானே நிரு" என்றான் மிதுனன். "அம்மாட மனம் ஆறட்டும். லெட் இற் கோ."

"மூண்டு மாசம் கொஞ்ச நாளோ? ஊர் என்ன சொல்லும்? கலியாணம் முடிஞ்சு கோடை முடிய முதல் பொம்பிளையைத் தாய் வீட்டை அனுப்பிப்போட்டினம் எண்டு சொல்லாதோ?"

அவன் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் போனால் நான் திரும்பி இந்த வீட்டுக்குள் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. ராசியில்லாதவள் என்று ஒருதரம் வாசல் படலையைத் தாண்டினால், எந்த முகத்தோடு திரும்பி ஏறுவது? என் கலியாணம் ஒரு கார்க் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற எனக்கு மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான்.

என் வேலை பழுது பார்ப்பது. சென் ஜேம்ஸ் ரவுணில் மாடிக் கட்டடங்களின் லிப்ற்றுகளைத் திருத்தும் கொம்பனியில் இருக்கிறேன். இருபதாம் மாடிக்கும் இருபத்தோராம் மாடிக்கும் நடுவில் சனம் நின்று கத்தும்போது கூப்பிடுவது என்னைத்தான். அந்த வேலையில் நான் கண்டது ஒன்று. கட்டுப்பாட்டுப் பெட்டி பிழை, மோட்டர் பிழை என்று கொம்பியூட்டர் சொல்லும். போய்ப் பார்த்தால் ஏதோ ஒரு மாடியில் யாரோ நிலம் கழுவின தண்ணீர் கதவிடுக்கால் இறங்கியிருக்கும். பெட்டியை மாற்றினால் புதுப் பெட்டியும் நனையும். ஆகவே கார் மழைக்குப் பிறகுதான் குழம்புகிறது என்பது பிடிபட்ட நாளில் இருந்து எனக்கு ஒரு சந்தேகம். மிதுனனிடம் சொன்னேன். "டீலருக்குத் தெரியாததோ உமக்குத் தெரியும்?" என்றான். எனக்கும் ரோசம் வந்தது, விட்டுவிட்டேன். அப்படி விட்டதற்கு இன்னும் என்னை நானே ஏசுகிறேன்.

சனிக்கிழமை மாமி கோயிலுக்குப் போன பிறகு, மிதுனன் குளித்துக்கொண்டிருந்தபோது, கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கும் கிளிபோட் அண்ணை மிதுனனுக்குத் தெரிந்தவர். அவரிடம் போவதென்று முடிவு.

நாலு நூற்று நாலு நெடுஞ்சாலையில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. முதலில் இடப்பக்க யன்னல் இறங்கியது. பொத்தானை இழுத்து இழுத்துப் பார்த்தேன், அது தன்பாட்டில் கீழே போய் இருந்துவிட்டது. மழை என் தோளில் அடித்தது. பிறகு மற்ற யன்னலும் இறங்கியது. தலைக்கு மேலே கிறீச்சென்று ஒரு சத்தம். கூரையின் கொளுவி கழன்று, முன்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. காற்று அந்த இடுக்கால் புகுந்து ஊளையிட்டது. இந்த வேகத்தில் கூரை முழுக்க எழும்பினால் பிய்த்துக்கொண்டு பின்னால் வருகிறவனின் கண்ணாடியில் போய் விழும். பக்கத்தில் ஒரு லொறி தண்ணீரை வாரி என் முகத்தில் அடித்துவிட்டுப் போனது. முன்னால் இருந்த மீற்றர் விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் பற்றி, ஒன்றாக அணைந்தன. எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்றே தெரியவில்லை.

அப்போது நான் மாமியை நம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் முழுக்க நம்பினேன். தோசம் என்னில்தான் இருக்கிறது, மாமாவைப் போல நானும் றோட்டில்தான் போகப்போகிறேன் என்று நினைத்தேன். ஒரு கையால் கூரையின் பிடியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்துக்கு வந்து, அடுத்த வெளிவழியால் இறங்கினேன். கிளிபோட் அண்ணையின் கராஜ் வாசலில் கார் நின்றபோது என் கை பிடியை விட மறுத்தது.

கிளிபோட் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரிப் போனது.

"மிதுனன் வரேல்லையோ தங்கச்சி?"

"இல்லை அண்ணை. நான்தான் வந்தனான். உள்ளுக்கை எடுங்கோ, நாளைக்கு முதல் எனக்கு இதின்ர பழுது தெரியவேணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கிற நிலையில் இல்லை. பற்றறி வயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, நானே டிக்கியைத் திறந்து விரிப்பை இழுத்தேன். விரிப்பு அப்பளம் மாதிரி வர வேண்டியது, ஊறின தோசை மாதிரி வந்தது. அதற்குக் கீழே குழியில் தண்ணீர். தண்ணீருக்குள் பாதி முழுகியபடி, கூரையையும் யன்னலையும் ஆட்டி வைக்கிற கறுப்புப் பெட்டி. அதன் வயர்க் கொளுவிகளில் பச்சைக் களிம்பு.

"அண்ணை, பழுது வயரில இல்லை. தண்ணி எங்காலை வருது?"

மடிக்கிற கூரை போய் இருக்கிற பள்ளம் பின் சீற்றுக்குப் பின்னால் இருக்கிறது. மூடிய கூரையில் இருந்து வழிந்து அதற்குள் விழும் மழைத்தண்ணீர் போக இரண்டு மூலையிலும் ஒவ்வொரு ஓட்டை. அதிலிருந்து ரப்பர் குழாய் இறங்கி, பின் ரயருக்குப் பக்கத்தில் நிலத்துக்குத் தண்ணீரை விட வேண்டும். ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து இடது மூலையில் ஊற்றினேன். ரயருக்குப் பக்கத்தில் சளசளவென்று ஊற்றியது. வலது மூலையில் ஊற்றினேன். கீழே ஒன்றும் வரவில்லை. ஓட்டை வாயில் தண்ணீர் தளும்பி நின்று, மெதுவாகப் பக்கவாட்டில் வழிந்து டிக்கிக்குள் இறங்கியது. பெட்டிக்கு நேர் மேலே.

புல் வெட்டுகிற மெசினின் நைலோன் நூலை கிளிபோட் அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் எடுத்துத் தந்தார். காருக்குக் கீழே படுத்து, குழாயின் வாயால் அதை மேலே ஏற்றினேன். இறுகியது. முறுக்கினேன், இழுத்தேன், திரும்பவும் ஏற்றினேன். சட்டென்று ஏதோ விட்டுக்கொடுத்தது. ஒரு குடம் தண்ணீர் என் தலையில் கொட்டியது. அதோடு சேர்ந்து என் நெஞ்சில் பொத்தென்று ஒரு கட்டி விழுந்தது. புளித்த மணம். கையில் எடுத்து வெளிச்சத்துக்கு வந்து பிரித்தேன். ஊதிப் பெருத்த அரிசி. மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி நார் நாராக அறுகம்புல், நடுவில் கறுத்துப்போன ரோசாப்பூ இதழ்கள்.

மண்டபத்து வாசல் கண்முன் வந்தது. நாங்கள் காரில் ஏறி இருந்ததும் மாமி தட்டோடு ஓடி வந்தா. மணவறையில் எல்லாரும் போட்டு மிஞ்சின அறுகரிசி முழுவதையும் பூ இதழ்களோடு, "என்ர பிள்ளையள் நல்லா இருக்கவேணும்" என்று எங்கள் தலைக்கு மேலால் கொட்டினா. பாதி எங்கள்மேல் விழுந்தது. மிச்சம் பின்னால் திறந்திருந்த பள்ளத்துக்குள் போயிருக்கிறது. பிறகு ஒவ்வொரு பழுதுக்கும் ஒவ்வொரு பூசை, ஒவ்வொரு பூசைக்கும் இன்னும் ஒரு பிடி அரிசி.

எனக்குச் சிரிப்பு வந்தது. தலையில் இருந்து தண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்தேன். "அண்ணை, என்ர தோசத்தைப் பாத்தியளே? கையில வைச்சிருக்கிறன்! இனி ஆர் என்ன சொல்லுகினம் பாப்பம்!"

கிளிபோட் அண்ணை சிரிக்கவில்லை. பக்கத்து ரயரில் போய் இருந்தார்.

"தங்கச்சி, நான் பொய் சொல்ல விரும்பேல்லை. உதுதான் அண்டைக்கு நான் மிதுனனுக்கும் காட்டினது."

"எண்டைக்கு?"

"இப்ப அஞ்சு கிழமை இருக்கும். சும்மா பாக்கச் சொல்லிக் கொண்டுவந்தவர். ஓட்டை வாயில குறட்டால கிள்ளி, ஒரு பிடி எடுத்துக் கையில குடுத்தனான். ரெண்டு நாள் விட்டால் எல்லாத்தையும் கழட்டித் துப்பரவாக்கித் தாறன் எண்டனான். அம்மாட்டை எப்பிடிச் சொல்லுறது, அவதானே போட்டது, பிறகு வாறன் எண்டுபோட்டுப் போனவர். வரேல்லை."

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ஐந்து கிழமை. சாத்திரியாரிடம் போனது அதற்குப் பிறகு. அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தது அதற்குப் பிறகு. காலிக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, எதிரில் இருந்து சாப்பிட்டவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் "லெட் இற் கோ" என்றிருக்கிறான். கார் ஓடும்போது வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"காரைத் திருத்துங்கோ அண்ணை" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் பெட்டியைக் கழற்றி, களிம்பைத் துடைத்து, சூட்டுக்காற்றில் காய வைத்துத் திரும்பப் பூட்டினார். இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும், தாங்காவிட்டால் கார் உடைக்கிற இடத்தில் ஒன்று எடுத்துப் போடலாம், எப்படிப் பார்த்தாலும் ஆயிரத்தைத் தாண்டாது என்றார். பொத்தானை அழுத்தினேன். கூரை எழும்பி, மடிந்து, ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போய் இருந்தது. காரில் கிடந்த என் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி, அதற்குள் அந்த அரிசிக் கட்டியை வைத்து மூடிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டேன்.

மழை விட்டிருந்தது. கூரையைத் திறந்தபடியே வந்து வாசலில் நிறுத்தினேன். மிதுனன் கோபத்தோடு வெளியே வந்தான். "சொல்லாமல் எங்கை போனனீர்? எத்தினைதரம் கோல் பண்ணினனான்?" கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாமியும் கையைச் சேலையில் துடைத்தபடி வந்துவிட்டா. நான் பொத்தானை அழுத்தினேன். கூரை எழும்பி வந்து, அழகாக மூடிக்கொண்டது. இன்னொருதரம் திறந்தேன். இன்னொருதரம் மூடினேன்.

மாமியின் கண் நிறைந்துவிட்டது. கோயில் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டா. "பிள்ளையாரே! பாத்தியோ தம்பி, நீங்கள் பிரிஞ்சிருக்கிறது எண்டு நாங்கள் முடிவெடுத்த உடனையே சரிவந்திட்டுது. சாத்திரியார் சொன்னது பலிச்சுப்போச்சு."

நான் மிதுனனைப் பார்த்தேன். இதுதான் அவனுக்கு நான் கொடுத்த கடைசிச் சந்தர்ப்பம். ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஓம் அம்மா" என்றான் அவன்.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவன் கையில் வைத்தேன். "இதை உமக்குத் தெரியுந்தானே? அம்மாட்டைச் சொல்லும். நான் சொன்னால் கதை கட்டுறன் எண்டு வரும். நீர் சொல்லும்."

அவன் பெட்டியை மூடப் பார்த்தான். நான் மூடியைத் தரவில்லை. மாமி கிட்ட வந்து குனிந்து பார்த்தா. மஞ்சள் அரிசியை விரலால் தொட்டா, அறுகம்புல்லைத் தொட்டா.

"என்னடா இது?"

"அம்மா... கலியாணத்தண்டு நீங்கள் போட்ட அறுகரிசி. தண்ணி போற ஓட்டையை அடைச்சிருக்கு. அதாலைதான் காருக்குள்ள தண்ணி. வேற ஒண்டும் இல்லை."

"நான் போட்டதோ?" மாமி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டா. பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டா. "உனக்கு இது எப்ப தெரியும்?"

மிதுனன் நிலத்தைப் பார்த்தான்.

"எப்ப தெரியும் எண்டு கேட்டனான்."

"ஒரு... அஞ்சு கிழமை. நீங்கள் கவலைப்படுவியள் எண்டுதான் அம்மா..."

மாமி மிதுனனுக்குக் கை ஓங்கியதை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அன்றுதான். அடிக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது.

"அஞ்சு கிழமையா என்னை இந்தப் பிள்ளைக்குப் பேச விட்டனியேடா? எத்தினை பேருக்கு என்ர வாயால சொன்னனான், ராசியில்லாதவள் எண்டு? இவளின்ர தாயிட்டை, ஒரு பெத்தவளிட்டை, உன்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ எண்டு கேட்டனானே! பிழை செய்தது நான். அது தெரியாமல் செய்தது. நீ தெரிஞ்சுகொண்டு என்னைப் பாவியாக்கினனி."

"அம்மா, சத்தம் போடாதேங்கோ, பக்கத்து வீட்டுக்காரர்..."

"கேக்கட்டும்!"

மாமி அழுதா. அதற்காக அவவை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் காலிக் கதிரையை நான் இலேசில் மறக்கமாட்டேன். ஆனால் அவவின் கோபம் நியாயமானது, என் கோபமும் அதே ஆளில்தான் போய் நின்றது. இந்த வீட்டில் நானும் மாமியும் ஒரே பக்கத்தில் நின்றது அதுதான் முதல்தரம்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தா. "சாத்திரியார் ரெண்டு பேரும் பிரிஞ்சிருக்கவேணும் எண்டுதான் சொன்னவர். பொம்பிளைதான் போகவேணும் எண்டு அவர் சொல்லேல்லை. அது நான் சொன்னது. சம்மந்தி நாளைக்கு வரத்தானே போறா? வெறுங்கையோட போகாமல் இவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும்." பிறகு என்னைப் பார்த்துக் குரலை இறக்கினா. "நீ என்ன சொல்லுறாய் பிள்ளை?"

அந்த வீட்டில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மிதுனன் என்னைப் பார்த்தான். விட்டுவிடு என்று கண்ணால் கெஞ்சினான். இரக்கமாகத்தான் இருந்தது. அவனில் எனக்கு ஆசை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? கலியாணம் முடிந்து இன்னும் ஒரு கோடைகூடக் கழியவில்லை.

"மூண்டு மாசம் வேண்டாம் மாமி" என்றேன். மிதுனன் மூச்சு விட்டான். "அஞ்சு கிழமை போதும்."

அவனுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. உடுப்பு அடுக்க உள்ளே போனான்.

ஞாயிற்றுக்கிழமை என் அம்மா கோணேஸ்வரி அழுத கண்ணோடு என்னைக் கூட்டிப்போக வந்தா. கதையைக் கேட்டுவிட்டு, முழிசிக்கொண்டு, மருமகனின் பெட்டியைத் தன் காரில் ஏற்றினா. "தம்பி, உமக்குக் கணவாய்க் கறி பிடிக்குமோ?" என்று அவனைக் கேட்டது எனக்குக் கேட்டது. அவர்கள் போன பிறகு மாமி மேசையில் சாப்பாடு வைத்தா. தானும் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.